'பால் பத்தலை'ன்னு முடிவு கட்டும் முன் குழந்தையின் வாயைப் பாருங்க: நரம்பியல் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது எப்படி?

செஞ்சி என்று போனில் தேடினால் முதலில் வருவது ராஜகிரி கோட்டைதான். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை இது. அதற்கப்புறம் ரீல்ஸ் இன்னும் கூடிவிட்டது. நாம் இப்போது மலை ஏறப்போவதில்லை. கீழே இருக்கும் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களில் ஒரு சிறு பகுதியினருக்கு நடப்பதைப் பார்க்கப்போகிறோம். அவர்களுக்கு யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

குழந்தையை மார்பில் வைத்தால் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும். அல்லது வாயில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். அல்லது பின்பக்கமாக வில் மாதிரி வளைந்து வீறிட்டு அழும். வீட்டில் மாமியார், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: "உனக்குப் பால் பத்தலை." பூண்டு வரும், பால் சுறா வரும். நாலாவது நாள் பால் பவுடர் டப்பாவும் ஃபீடிங் பாட்டிலும் வந்துவிடும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சாதாரணத் தொடக்கத் தடுமாற்றம்தான். பிடிக்கும் விதத்தை ஒரு நர்ஸ் சரிசெய்தால் போதும். ஆனால் சில குழந்தைகளுக்குச் சிக்கல் அம்மாவின் மார்பில் இல்லை, குழந்தையின் நரம்பிலும் தசையிலும் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம், ஸ்பைனா பைஃபிடா என்கிற முதுகெலும்புப் பிளவு, தலையில் நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோகெஃபாலஸ், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததால் வரும் பாதிப்பு என்று காரணங்கள் பல. பிற்பாடு மூளை முடக்குவாதம் என்று கண்டுபிடிக்கப்படும் குழந்தைகள் சிலரிடமும் முதலில் தெரிவது பால் குடிப்பதில் உள்ள தடுமாற்றம்தான்.

ஒரு மடக்கு பாலுக்குப் பின்னால்

பால் குடிப்பது இயல்பாக நடப்பதால் சுலபம் என்று நினைக்கிறோம். குழந்தை வாயை அகலத் திறக்கணும், நாக்கை முன்னால் நீட்டிக் குழிவாக்கி மார்பைப் பிடிக்கணும், உதடும் கன்னமும் காற்றுப் போகாமல் அடைக்கணும், தாடை மேலும் கீழும் அசையணும். பிறகு விழுங்கணும். விழுங்கும் அந்த நொடி மூச்சு நிற்கணும், உடனே திரும்ப வரணும். இத்தனையையும் மூளைத்தண்டிலிருந்து வரும் ஐந்தாறு கபால நரம்புகள் சேர்ந்து நடத்துகின்றன. உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு என்ற இந்தத் தாளம் கருவில் சுமார் 34 வாரத்தில்தான் ஓரளவு கைகூடுகிறது. குறைமாதக் குழந்தைகள் தடுமாறுவது அதனால்தான்.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குத் தசைகள் தளர்வாக இருக்கும். சிறிய வாய்க்குள் நாக்கு பெரிதாகத் தெரியும், வெளியே துருத்தும். கன்னத்தில் பிடிமானம் கிடையாது. இந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் சேர்ந்து இருப்பதால் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், தசை இறுக்கம் உள்ள குழந்தை தாடையைக் கடித்துக்கொள்ளும், தலையைப் பின்னால் தள்ளும். "அம்மாவை வேண்டாம்னு தள்ளுது பாரு" என்று அதற்கு அர்த்தம் சொல்வது அநியாயம். அந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் உடம்பு அதன் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். தாய்ப்பால் டவுன் சிண்ட்ரோமையோ மூளை பாதிப்பையோ குணமாக்காது. அப்படிச் சொல்லும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை நம்ப வேண்டாம். ஆனால் இந்தக் குழந்தைகளுக்குச் சளி, நிமோனியா, காதில் தொற்று மாதிரியான தொல்லைகள் அதிகம். அங்கேதான் தாய்ப்பால் கைகொடுக்கிறது. புரைக்கேறி மூச்சுக்குழாய்க்குள் கொஞ்சம் போய்விட்டாலும், பவுடர் பாலைவிடத் தாய்ப்பால் நுரையீரலை உறுத்துவது குறைவு என்று கருதப்படுகிறது. மார்பில் உறிஞ்சுவதே வாய்த் தசைகளுக்கு ஒரு பயிற்சியும்கூட.

'டான்சர்' என்ற பெயர் வந்த கதை

தளர்வான வாயுள்ள குழந்தைக்கு உலகம் முழுவதும் சொல்லித்தரப்படும் ஒரு பிடி உண்டு: 'டான்சர் ஹேண்ட்'. நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாரா டேனர் என்ற நர்ஸ், எட்வர்ட் செருட்டி என்ற டாக்டர் ஆகிய இரண்டு அமெரிக்கர்களின் பெயர்களிலிருந்து மூன்று மூன்று எழுத்தை எடுத்து ஒட்டிய சொல் அது. நரம்பியல் பாதிப்புள்ள குழந்தைக்குப் பால் கொடுக்கும் அம்மாக்களுக்காகவே 1980-களில் இருவரும் சேர்ந்து ஒரு கையேடு எழுதினார்கள். 'இந்தக் குழந்தைக்கெல்லாம் பாட்டில்தான்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிற காலம் அது.

செய்முறை இதுதான். மார்பை அடியிலிருந்து தாங்கிப் பிடியுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நான்கு விரல்கள் மறுபக்கம். அப்படியே கையை முன்னால் நகர்த்துங்கள். இப்போது மூன்று விரல்கள் மட்டும் மார்பைத் தாங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னால் வந்து 'யூ' எழுத்து மாதிரி ஒரு தொட்டிலை உண்டாக்கும். குழந்தையின் தாடை அந்தத் தொட்டிலில் உட்காரணும். கட்டைவிரல் ஒரு கன்னத்தை, ஆள்காட்டி விரல் மறு கன்னத்தை மெதுவாக அணைக்கணும். அமுக்கக் கூடாது, அணைத்தால் போதும். தாடை ஆடாமல் நிற்கும், கன்னத்துக்குள் இருக்கும் வெற்றிடம் குறையும், குழந்தையின் சின்ன இழுவிசைக்கே பால் வரும். சில வாரங்களில் தசை பலப்பட்டால் அம்மா ஒவ்வொரு விரலாக விலக்கிக்கொள்ளலாம்.

படிக்கும்போது குழப்பமாக இருக்கலாம். யூட்யூபைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட, பால் கொடுப்பதில் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்து உங்கள் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவது பத்து மடங்கு மேல்.

குழந்தையை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் முக்கியம். தளர்வான குழந்தையை மடியில் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்தால் புரையேறுவது குறையும். இறுக்கமான குழந்தையை இடுப்பும் முட்டியும் மடங்குகிற மாதிரி சுருட்டி, தோள்களை முன்னால் கொண்டுவந்து பிடித்தால் அந்த வில் வளைவு தளரும். சேலைத் துணியில் ஏணைக்குள் கிடக்கும் குழந்தை எப்படிச் சுருண்டிருக்கும்? கிட்டத்தட்ட அந்த வடிவம். முதுகில் அறுவை சிகிச்சை ஆன குழந்தைக்கு அம்மா ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுக்கலாம். தலையில் ஷன்ட் வைத்திருந்தால் அந்தப் பக்கம் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளணும்.

ரெண்டு வேலையைப் பிரிச்சுப் பாருங்க

எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. குழந்தைக்குப் பால் போய்ச் சேர்வது ஒரு வேலை. அம்மாவிடம் பால் சுரந்துகொண்டே இருப்பது வேறு வேலை. ஆரோக்கியமான குழந்தை உறிஞ்சும்போது ரெண்டும் ஒன்றாக நடந்துவிடுகிறது. உறிஞ்சும் பலம் இல்லாத குழந்தை விஷயத்தில் ரெண்டையும் தனித்தனியாகச் செய்யணும்.

பால் சுரப்பு கணக்குப்பிள்ளை மாதிரி. எவ்வளவு வெளியே போனதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் போடும். பலவீனமான குழந்தை மார்பைக் காலி செய்யாது. ரெண்டு வாரத்தில் சுரப்பு நிஜமாகவே குறைந்துவிடும். அப்போது 'பால் பத்தலை' என்று சொன்னவர்கள் ஜெயித்த மாதிரி தெரியும். பூண்டும் பால் சுறாவும் பாவம், அவற்றால் காலியாகாத மார்புக்கு ஆர்டர் வாங்கித்தர முடியாது.

அதனால் பிரசவமான முதல் நாளிலிருந்தே, முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, கையால் பீய்ச்சத் தொடங்கணும். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. ராத்திரியும் விடக் கூடாது, சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். காம்பை இழுக்காமல், கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, உள்நோக்கி அழுத்தி, பிறகு ரெண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடணும். பம்ப் வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். முதல் ரெண்டு நாள் வரும் சீம்பாலுக்குக் கைதான் வசதி. எடுத்த பாலைச் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம் என்பார்கள். மே மாத செஞ்சி வெயிலை அறை வெப்பம் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பாலாடை: நம்ம ஊரு டெக்னாலஜி

எடுத்த பாலை எதில் கொடுப்பது? பாட்டில் வேண்டாம். நம் பாட்டிகள் வைத்திருந்த பாலாடை போதும். மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம் இன்று இந்தியா முழுக்கப் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கிறது. ஆங்கில மருத்துவ இதழ்களில்கூட அதன் பெயர் 'பாலாடை'தான், யாரும் மொழிபெயர்க்கவில்லை.

1999-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வில், கப், பாட்டில், பாலாடை மூன்றில் பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன. 2007-ல் பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தபோது முடிவு அப்படி வரவில்லை. பால் அதிகம் சிந்தியது, நேரமும் கூடியது. எனக்குத் தோன்றுவது, கிண்ணத்தைவிட அதைப் பிடிக்கும் கைதான் வித்தியாசம். பாலாடையில் கொடுக்கப் பழக்கம் வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை. பாலாடையில், சங்கில் ஊற்றுவது ஆபத்து. மல்லாக்கப் படுக்கவைத்து, வாயைத் திறந்து, தொண்டைக்குள் ஊற்றிவிடும் பழைய முறை விழுங்கும் பலம் குறைந்த குழந்தைக்கு நேராக நுரையீரல் பிரச்சினையாகிவிடும். குழந்தையைத் துணியில் சுற்றி, முக்கால்வாசி நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் நுனியைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்கணும். குழந்தை நக்கி, விழுங்கி முடிக்கும் வரை காத்திருக்கணும். அதே காரணத்துக்காகத்தான் சேனைத் தண்ணி, கழுதைப் பால், மூக்கில் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது எல்லாமே வேண்டாம் என்கிறார்கள். பாட்டியிடம் சண்டை போடத் தேவையில்லை. பாலாடை பிடிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மார்பில் முயற்சி, பிறகு பாலாடை, பிறகு பீய்ச்சுவது: இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரு நாளைக்கு எட்டு சுற்று. இதை ஒரே பெண் தனியாகச் செய்ய முடியாது, செய்யச் சொல்லவும் கூடாது. மார்பில் அரை மணி நேரத்துக்கு மேல் போராட வேண்டாம், அதற்கு மேல் குழந்தை சம்பாதிக்கும் சத்தைவிடச் செலவழிப்பதுதான் அதிகம். பாலாடை அப்பாவின் வேலையாகட்டும். ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்டும்தான்.

சில குழந்தைகளுக்கு இதுவும் முடியாமல், மூக்கு வழியாக டியூப் வைக்க வேண்டிவரும். அது தோல்வி இல்லை. டியூபில் போவதும் அம்மாவின் பாலாகவே இருக்கலாம். டியூபில் பால் போகும்போது, டாக்டர் சரி என்றால், பீய்ச்சிக் காலி செய்த மார்பில் குழந்தையைச் சப்பவிடலாம். வயிறு நிறைவதும் மார்பும் ஒன்று என்று அது கற்றுக்கொள்ளும்.

செஞ்சியிலிருந்து எங்கே போவது?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆக, பிறக்கும் இடம் இங்கே பிரச்சினை இல்லை. வீட்டுக்கு வந்த பிறகான முதல் ரெண்டு மூணு வாரம்தான் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கத் திட்டங்கள் இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்த இடத்திலேயே பிறவிக் குறைபாடுகளைப் பரிசோதிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோமும் நரம்புக்குழாய்க் குறைபாடும் அந்தப் பட்டியலில் உண்டு. கண்டறியப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சைக்குப் பணம் கிடையாது. வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் "குழந்தை சப்புவதில் பலம் இல்லை" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். 'பால் பத்தலை' என்று சொன்னால் அவர் அம்மாவைப் பார்ப்பார். 'சப்பலை' என்றால் குழந்தையைப் பார்ப்பார்.

செஞ்சி அரசு மருத்துவமனையைத் தாண்டினால், மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. இன்னும் பெரிய இடம் வேண்டுமென்றால் சுமார் 70 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர். அங்கே 2016 முதல் 'அமுதம்' என்ற பெயரில் தாய்ப்பால் வங்கியும் இயங்குகிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இந்த வங்கிகளில் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பாதுகாக்கிறார்கள். அது அங்கேயே அட்மிட் ஆகியிருக்கும் நோயுற்ற, குறைமாதக் குழந்தைகளுக்கு. வீட்டுக்கு வாங்கிவர முடியாது. மற்றவர் பாலை ஆன்லைனில் வாங்குவது, தெரிந்தவரிடம் வாங்கிக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். பின்னாளில் தெரபிக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்திலும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு.

பயணம் நீளம், அம்மாவுக்குப் பால் கட்டும். 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பூட்டிக் கிடப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. பூட்டியிருந்தால் நிலைய அலுவலகத்தில் போய்ச் சாவி கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி. மகப்பேறு விடுப்பு தனியார் துறையில் முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், தமிழக அரசு ஊழியர்களுக்கு 12 மாதம். பலருக்கும் தெரியாதது, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் ரெண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. பால் எடுக்க அந்த நேரம் போதும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நேற்று வரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று குடிக்கவில்லை என்றால் அது பாலூட்டும் பிரச்சினை அல்ல, அவசர நிலை. ரத்தத்தில் கிருமித் தொற்றாக இருக்கலாம். குடிக்கும்போது உதடு நீலமாவது, ஒவ்வொரு தடவையும் இருமல், மூச்சில் களகள சத்தம், வலிப்பு, உச்சிக்குழி புடைத்து விடாமல் வாந்தி: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை.

இன்னொரு காரணமும் இருக்கிறது சீக்கிரம் போக. சப்புவது பலவீனமாக இருந்து எப்போதும் தூங்கி வழியும் குழந்தைக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருக்கலாம். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும், தினம் ஒரு மாத்திரையில் சரியாகிவிடும். தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். 16 கோடி ரூபாய் ஊசி என்று நாம் செய்தியில் படிக்கும் எஸ்.எம்.ஏ. நோயிலும் சப்புவதில் பலவீனம் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. அங்கேயும் ஒவ்வொரு வாரமும் கணக்கு. அரிதாக, கேலக்டோசீமியா மாதிரி தாய்ப்பாலே கொடுக்கக் கூடாத நோய்களும் உண்டு, அதையும் டாக்டர்தான் சொல்லணும்.

போதுமா இல்லையா என்பதை அழுகையை வைத்து அளக்காதீர்கள். தளர்வான குழந்தை பசித்தாலும் அழாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே எழுப்பணும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகணும். பிறந்தபோது இருந்த எடை ரெண்டு வாரத்துக்குள் திரும்பணும், பிறகு தினம் 20 முதல் 30 கிராம் ஏறணும். ஏறவில்லை என்றால் கூடுதலாக என்ன கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். அது பவுடர் பாலாக இருந்தாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம், பீய்ச்சுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். பவுடர் பாலுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதை 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே பரிந்துரை மருத்துவரிடமிருந்து வரணும், இன்ஸ்டா பக்கத்திலிருந்து அல்ல.

ஒரு கடைசி டிப். ஓ.பி.யில் போய் உட்காரும் நேரத்தில் குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும், அல்லது அன்றைக்கு மட்டும் அழகாகக் குடிக்கும். வீட்டில் பால் கொடுக்கும்போது, குழந்தையின் வாய், தாடை, கன்னம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ரெண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை பால் கொடுத்தோம், எத்தனை தடவை நாப்கின் நனைந்தது என்பதைப் போன் நோட்ஸில் குறித்துவையுங்கள். டாக்டர் முன்னால் போனதும் முதலில் அதைக் காட்டுங்கள்.